தமீம் எங்கே இருக்கிறான்?

மெழுகு பூசிய நீல நிற ஸ்டென்சில் தாள் ஒன்று. அதில் தட்டச்சு எழுத்துகள் வரிவரியாக ஓட, நடுநடுவே நான் விட்டுவைத்த வெற்றிடங்கள். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடிச் சந்தியில் இருந்த என் தட்டச்சுக் கடையின் பின்மேசையில் அந்தத் தாளை விரித்து, கூர்முனை எழுத்தாணியால் மௌலவி அந்த வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். வலமிருந்து இடமாக. மூச்சை அடக்கிக்கொண்டு. மெழுகு கிழிந்தால் அந்த இடத்தில் மை ஒழுகி முழுப் பக்கமும் பாழாகிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதன் பிறகு ஒரு தாளைக்கூட அவர் கிழித்ததில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரை நினைக்கிறபோது இந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. பின்னாலேயே கோபம் வருகிறது. வயது போனால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கடையில் இரண்டு தட்டச்சுப் பொறிகளும் கையால் சுற்றிப் பிரதி எடுக்கிற ஒரு ரோனியோவும் இருந்தன. டியூட்டரிகளுக்குக் கேள்வித்தாள், கோயில்களுக்குத் திருவிழா அறிவித்தல் என்று தொடங்கிய தொழில், இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை இறுகிய பிறகு ஒரே வகையான கடிதம் அடிக்கிற தொழிலாகிவிட்டது. தாய்மார் வருவார்கள். மகனின் பெயர், வயது, பிடிபட்ட இடம், உடுத்தியிருந்த உடுப்பின் நிறம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். "தயவுடன் விசாரித்து அறியத்தருமாறு" என்ற வரியை என் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கப் பழகியிருந்தன. அப்படிப்பட்ட ஒரு முற்பகலில்தான் துணிப்பை நிறைய அப்பியாசக் கொப்பிகளோடு மௌலவி வந்தார்.

ஏறாவூரில் ஒரு மத்ரஸாவில் அரபு இலக்கணம் படிப்பித்தவர். வீட்டுக்கு அருகிலிருந்த பள்ளிவாசலில் தொழுகையும் நடத்துவார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மெலிந்த ஆள், கணீரென்ற குரல். இளமையில் அரபு நாடொன்றில் சில வருடங்கள் படித்து, தகப்பன் மௌத்தாகிவிட்டதால் படிப்பை முடிக்காமல் திரும்பியவர். முடிக்காமல் விட்டதை ஏறாவூரிலிருந்தே முடிக்கப் போகிறேன் என்று பதினொரு வருடமாகக் கொப்பிகளில் எழுதியிருந்தார்.

"தங்கச்சி, உங்கட மெசின்ல அரபெழுத்து இல்ல எண்டு தெரியும். தமிழ அடிங்க, நான் சொல்ற இடத்தில வெறுமையா விட்டுத் தாங்க. மத்தத நான் பாத்துக்கிறன்."

"என்ன புத்தகம் மௌலவி? மார்க்கப் புத்தகமா?"

"இல்ல. ஒரு கூட்டம் எப்பிடிக் கதைச்சிச்சி எண்ட புத்தகம்."

அந்தக் கூட்டத்தின் பெயர் தமீம். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் அரேபியாவின் கிழக்குப் பக்கத்துப் பாலைவெளியில் ஒட்டகம் மேய்த்த ஒரு பெருங்கோத்திரம். மக்காவில் இருந்தவர்களும் அரபிதான் பேசினார்கள், இவர்களும் அரபிதான் பேசினார்கள். ஆனால் வாய் வேறு. அந்த வேறுபாடுகளைப் பிற்கால இலக்கணகாரர்கள் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, குறை என்று எழுதிவைத்தார்கள். தட்டச்சில் நாற்பத்தாறு பக்கம் வருகிற மௌலவியின் புத்தகம் முழுவதும் அந்தப் பட்டியலுக்கு எதிரான வழக்கு. குறை என்று ஒன்றும் இல்லை, அந்த மனிதர்கள் அப்படித்தான் கதைத்தார்கள், அதற்கு ஒழுங்கும் காரணமும் இருந்தன என்பதை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து நிறுவியிருந்தார்.

எனக்கு அரபியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் வெற்றிடத்தின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிக் காட்டுவார். கிணற்றுக்கு ஒரு சொல் இருக்கிறது. மக்காப் பக்கத்தார் அதை 'பீர்' என்று வழுக்கிக்கொண்டு போவார்களாம். தமீம்காரர் நடுவில் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறப்பார்கள்: 'பி', ஒரு வெட்டு, 'ர்'. அந்த வெட்டுக்குப் பெயர் ஹம்ஸா. வேதம் முதலில் எழுதப்பட்ட எழுத்து மக்காப் பக்கத்தாருடையது என்பதால் இந்தச் சத்தத்துக்கென்று அதில் தனி எழுத்தே இருக்கவில்லை. பிற்பாடு ஓதும்போது தமீம்காரரின் அந்த வெட்டுத்தான் திருத்தமான உச்சரிப்பு என்று நிலைத்தபோது, எழுத்துகளின் தலைக்கு மேலே ஒரு சின்னஞ்சிறு கொக்கியாக அதைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

"பாருங்க தங்கச்சி," என்று எழுத்தாணி முனையால் காட்டினார். "பட்டிக்காட்டான் கதை எண்டு சிரிச்சவங்க எல்லாரும் இண்டைக்கு அந்தப் பட்டிக்காட்டான்ட சத்தத்தோடதான் ஓதுறாங்க. உலகம் முழுக்க."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. தட்டச்சுப் பரீட்சைக்குப் போன இடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்துச் சிரித்திருந்தார். மட்டக்களப்பு இராகமாம். அந்தச் சிரிப்பு பத்து வருடமாக என் காதில் கிடந்தது. மௌலவியிடம் அதைச் சொன்னேன். அவர் எழுத்தாணியை வைத்துவிட்டு, "என்ன சொன்னீங்க, அதே மாதிரிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். என் பேச்சை ஒருவர் சிரிக்காமல் எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தரம்.

ஹம்ஸா ஒரு வெட்டு என்றால், 'அய்ன்' என்று இன்னொரு சத்தம் அதற்குக் கீழே, தொண்டையின் ஆழத்தைப் பிசைந்துகொண்டு வருவது. தமிழில் இரண்டையும் நான் 'அ' என்றுதான் அடிக்க முடியும். நாம் 'எண்டு' என்று சொல்லுகிற இடத்தில் அரபிக்காரர் சொல்வது 'அன்ன'. அதன் தொடக்கத்தில் இருப்பது ஹம்ஸா. தமீம்காரர் அந்த ஒரு சொல்லில் ஹம்ஸாவை அய்னாக மாற்றிவிடுவார்களாம். 'அன்ன', 'அன்ன' என்று அவர் மாறி மாறிச் சொல்வார். நான் வித்தியாசம் பிடிபடாமல் விழிப்பேன். அவர் தன் தொண்டைக்குழியில் விரலை வைத்துக் காட்டி, "இவடத்த பாருங்க" என்று மீண்டும் சொல்வார். மூன்றாம் கிழமை எனக்குப் பிடிபட்டது. அன்று அவருக்கிருந்த சந்தோஷத்தைப் பார்த்து, தேநீர் கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர் யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஆணிடம் 'உன்மேல்' என்பதற்கு 'அலைக்க' என்றும் பெண்ணிடம் 'அலைக்கி' என்றும் சொல்வார்கள். வாக்கியம் அந்த இடத்தில் முடிந்தால் கடைசி உயிர் விழுந்து இரண்டும் 'அலைக்' ஆகிவிடும். ஆணா பெண்ணா என்று தெரியாது. தமீம்காரர் பலர் பெண்ணிடம் பேசும்போது அங்கே ஒரு 'ஷ்' வைத்தார்கள்: 'அலைஷ்'. இலக்கணகாரர் இதைத்தான் எல்லாவற்றிலும் அசிங்கமான குறை என்று எழுதினார்களாம். மௌலவி தன் கொப்பியில் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார். வாக்கியத்தின் முடிவில் ஒரு பெண் காணாமல் போய்விடக்கூடாது என்பதற்காக வந்த சத்தம் எப்படி அசிங்கமாகும் என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கங்களை அடித்த அன்று காலையும் நான் காணாமல் போனவர்களுக்கான கடிதங்கள் மூன்று அடித்திருந்தேன்.

பாதை கெட்டுக்கொண்டு வந்தது. ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் இடையில் சைக்கிளில் கால்மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கால்மணித்தியாலத்தில் தமிழன் அங்கே போகவும் முஸ்லிம் இங்கே வரவும் பயந்தார்கள். இரண்டு பக்கத்திலும் பிணங்கள் விழுந்திருந்தன. வர வேண்டாம், கொப்பியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஒருநாள் மதகடியில் துவக்கும் கையுமாக நின்ற இயக்கப் பொடியன்கள் அவரை மறித்து, "வாழைப்பழம் எண்டு சொல்லுங்க பாப்பம்" என்றார்களாம். சோனகனுக்கு, அதாவது முஸ்லிமுக்கு, அந்த எழுத்து வராது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. கேட்டவனுடைய வாயிலேயே அது 'வாளப்பளம்' என்றுதான் வந்ததாம்.

"நான் நல்ல வடிவா ழகரத்தச் சுருட்டிச் சொன்னன் தங்கச்சி. பிறகு கேட்டன், தம்பி, நான் சொன்னது சரியா, நீ சொன்னது சரியா எண்டு. பக்கத்தில நிண்டவன் சிரிச்சிட்டான். அதால விட்டாங்க." சொல்லிக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "சிரிக்காத ஒருத்தன் நிண்டிருந்தா?" என்று கேட்டேன். அவர் தாளை விரித்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்த மனிதரின் பிடிவாதம் எனக்கு அன்றும் எரிச்சலைத் தந்தது.

நாற்பத்தாறில் முப்பத்தொன்பது பக்கம் முடிந்திருந்தபோது, சந்தியில் யாரோ ஒட்டிய துண்டுப்பிரசுரத்துக்காகப் படையினர் ரோனியோ வைத்திருந்தவர்கள் எல்லோரையும் தேடி வந்தார்கள். என் கடையில் துண்டுப்பிரசுரம் இருக்கவில்லை. ஸ்டென்சில்கள் இருந்தன. தமிழுக்கு நடுவில் வேறொரு எழுத்து, அதன் தலையில் கொக்கிகள், பக்கத்தில் அம்புக்குறிகள், 'இது இதுவாக மாறும்' என்ற அட்டவணைகள். இரகசிய மொழிக்கு இதைவிட என்ன வேண்டும்? தாள்களையும் கொப்பிகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முகாமில் ஒரு அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, எழுதுவதற்கு ஒருவன், வாசலில் துவக்கோடு ஒருவன், தமிழும் சிங்களமும் தெரிந்த சிவில் உடுப்புக்காரன் ஒருவன். இது யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது, தந்துவிட்டுப் போவார்கள், முகம் நினைவில்லை என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடிக்கவில்லை. அடிக்காமல் என்னென்ன செய்ய முடியும் என்பதைச் சிவில் உடுப்புக்காரன் மெதுவான குரலில் தமிழில் விளங்கப்படுத்தினான். அவனுடைய தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ். அதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது. மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடித்தேன். பிறகு, "ஏறாவூர் மௌலவியிட" என்றேன். எந்தப் பள்ளிவாசல் என்றும் சொன்னேன். எழுதுகிறவன் எழுதிக்கொண்டான்.

அவர்கள் வண்டி எடுப்பதற்கு முன்பே மௌலவி முகாம் வாசலுக்கு வந்துவிட்டார். என்னைப் பிடித்துப்போன செய்தி ஏறாவூருக்குப் போயிருந்தது. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கடதாசிகள் என்னுடையவை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவளை விடுங்கள் என்று காவலில் நின்றவனிடம் சொன்னாராம். அவரை உள்ளே கொண்டுவந்தபோது நான் இன்னும் அந்த அறையில்தான் இருந்தேன். என்னைப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி முதற் தாளைத் தூக்கிப் பிடித்தார். தலைப்பில் இருந்த பெயரைச் சிவில் உடுப்புக்காரன் வாசித்தான்.

"சேர் கேக்கிறார், தமீம் எண்டுறது ஆர்?"

"அது ஒரு ஆள் இல்ல. ஒரு கூட்டம்," என்றார் மௌலவி.

"கூட்டமா? எத்தின பேர்?"

"ஆயிரக்கணக்கில இரிந்தாங்க."

அது சிங்களத்தில் போனதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே என்று கேட்டார்.

"அரேபியாவில. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்ன."

எனக்குக் கடையில் படிவம் நிரப்புகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். சிவில் உடுப்புக்காரன் அரேபியாவைச் சொன்னான். வருடத்தைச் சொல்லவில்லை. மறந்தானா, நக்கல் என்று அடி விழும் என்று பயந்தானா, வேண்டுமென்றே செய்தானா, எனக்குத் தெரியாது. நான் எழும்பி, "பரண, சேர், ஹுங்காக் பரண" என்றேன். பழசு, மிகவும் பழசு. வாசலில் நின்றவன் என் தோளில் கைவைத்து உட்காரவைத்தான். அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை.

"தமீம் இப்ப எங்க இருக்கிறான்?" என்று கேட்டான் சிவில் உடுப்புக்காரன்.

மௌலவி அவனைப் பார்த்தார். பிறகு மிகவும் பொறுமையாக, வகுப்பில் சொல்வதுபோல, ஹம்ஸாவையும் அய்னையும் விளங்கப்படுத்தத் தொடங்கினார். தொண்டைக்குழியில் விரலை வைத்து, இது ஒரு சத்தம், இது மற்றச் சத்தம் என்று சொல்லிக் காட்டினார். துவக்கு வைத்திருந்தவன் சிரித்தான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அவர் சொன்னார். அந்த நேரத்தில் என்னை வெளியே அனுப்பினார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள். அவரை விடவில்லை.

அந்தக் கிழமை ஏறாவூரில் தமீம் என்று பெயருள்ள இரண்டு பேரைப் பிடித்துப் போனார்கள். ஒருவர் செருப்பு வியாபாரி, மற்றவர் வாவியில் வலை வீசுகிறவர். அடுத்த நாள் விட்டுவிட்டார்கள். இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கூட்டங்களில் சொன்னால் நன்றாகவே சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவைப்பதற்காகச் சொல்வதில்லை.

மௌலவி மூன்று மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தார். அதற்கிடையில் அவருடைய மனைவிக்காக நான் ஆறு கடிதம் அடித்தேன். உடுத்தியிருந்த உடுப்பு: வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும். தயவுடன் விசாரித்து அறியத்தருமாறு. விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டார் தடுத்தும் கேளாமல் ஏறாவூருக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "கதைக்கச் சொல்லிக் கேக்காதீங்க தங்கச்சி" என்று காதோடு சொன்னார். மௌலவிக்கு மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. குரல் உடைந்து காற்றோடு வந்தது. முகாமில் அவரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதுவே விளையாட்டாகிப் போயிற்றாம்: அந்தச் சத்தத்தைச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லு. சொல்லும்போதுதான் அடித்திருக்கிறார்கள், தொண்டையிலும் வாயிலும், அந்தச் சத்தம் வருகிற இடம் எதுவென்று அவரே விரல் வைத்துக் காட்டிய இடத்தில். இதை அவர் சொல்லவில்லை. மனைவி சொன்னார்.

அவருக்கு அய்ன் வருவதில்லை. எவ்வளவு முயன்றாலும் வெறும் ஹம்ஸாவாகத்தான் வந்தது. நாக்குப் பற்களைத் தொட வேண்டிய எழுத்துகள் காற்றாகப் போயின. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "தமீம்காரன் ஹம்ஸாவ அய்னாக்கினான். நான் அய்ன ஹம்ஸாவாக்கிட்டன். புதுசா ஒரு கோத்திரம் வந்திரிக்கி தங்கச்சி. ஆள் ஒண்டுதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிக்க வாய் வலித்தது.

இதோடு முடிந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரே முகவரி இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த மரைக்கார் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர். ஒரு கடிதம் தட்டச்சுச் செய்ய வேண்டும் என்றார். ஏறாவூரில் அப்போது தமிழ் தட்டச்சுக்காரர் எவரும் இல்லை. கையெழுத்துப் பிரதியை வாசித்தேன். 'தங்களது உடல்நலத்தைக் கருத்திற்கொண்டு' தொழுகை நடத்தும் பொறுப்பிலிருந்தும் மத்ரஸா வகுப்பிலிருந்தும் மௌலவியை விடுவிப்பதாக அதில் எழுதியிருந்தது.

"எனக்கு இத அடிக்க ஏலா," என்றேன்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. எழுத்துச் சரியா வராத ஆள், எழுத்துச் சரியா வாறவங்களுக்கு முன்னால நிண்டு தொழுவிக்கேலா. அது மார்க்கச் சட்டம். எங்கிட விருப்பமில்ல."

"படிப்பிக்கிறதுக்கும் அந்தச் சட்டமா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளையள் பார்த்துப் பழகும். பிழையாப் பழகிரும்."

கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாய் எந்த வாயைவிடவும் தாழ்ந்ததில்லை என்று நாற்பத்தாறு பக்கம் எழுதிய மனிதரை, வாய் சரியில்லை என்று வீட்டில் இருத்துகிறார்கள். முகாமில் இருந்தவர்கள் எழுத்தைப் பறித்தார்கள். இவர்கள் அதைப் பறிகொடுத்ததற்காக அவரைத் தள்ளிவைத்தார்கள். எது பெரிய அநியாயம் என்று கேட்டால் எனக்கு இன்றும் உடனே பதில் வராது.

அடுத்த நாள் அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மௌலவியே வந்து நின்றார். "அடிச்சிக் குடுங்க," என்றார்.

"உங்களத் துரத்துற கடிதத்த நான் அடிக்கவா?"

"சட்டம் சரிதான் தங்கச்சி. எனக்குப் பின்னால நிக்கிறவன்ட தொழுகைய நான் கெடுக்கேலா. வேற ஆளிட்டக் குடுத்தா எழுத்துப்பிழை விடுவான். நீங்களே அடிங்க." அப்படிச் சொன்னபோது ஒவ்வொரு 'ச'வும் காற்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் பொறியில் குத்திக் குத்தி அடித்தேன். சில இடங்களில் தாளே ஓட்டையாகிவிட்டது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நல்லாக் காத்து வரும்" என்றார்.

பிறகு துணிப்பையிலிருந்து ஒரு புதிய அப்பியாசக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். முதற்பக்கத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருந்தார். முகாமிலிருந்து ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. ரோனியோவில் மை கூடிப் பழுதான ஏழு பிரதிப் பக்கங்கள் மட்டும் என் கடையின் கழிவுத்தாள் கட்டுக்குள் கிடைத்தன. மிச்சத்தை அவர் நினைவிலிருந்து எழுதினார். சொல்லிக் காட்ட அவரால் முடியாது. ஆகவே இந்தத் தரம் நான் சொன்னேன். 'அன்ன', 'அன்ன' என்று நான் மாறி மாறிச் சொல்ல, எது அய்ன், எது ஹம்ஸா என்று அவர் தலையசைத்துத் திருத்தினார். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அறுபது பிரதிகள் எடுத்தோம். மத்ரஸா வாங்கவில்லை. அவர் நாட்டின் பல பக்கங்களில் இருந்த அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். மூன்று பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் முன்னுரையில் இருந்த ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லியிருந்தார்.

இப்போது ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் இடையில் மதகடி தெரியாத வேகத்தில் பஸ் போகிறது. என் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நல்லிணக்கக் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம், கழுத்தில் பெயரட்டை தொங்கிய பிள்ளைகள். யுத்த காலத்தில் மற்றச் சமூகத்தவர் ஒருவர் உங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லுங்கள் என்றார்கள். மௌலவி முகாம் வாசலுக்கு வந்ததைச் சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குச் சற்று முந்தி நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருடக்கணக்காக அவருடைய ஊரிலும் என்னுடைய ஊரிலும் இந்தக் கதை இப்படித்தான் உலாவுகிறது: மௌலவி ஒரு தமிழ்ப் பிள்ளையைக் காப்பாற்றினார். அந்தக் கைதட்டலுக்குள் இருந்து எழும்பி நேரே ஏறாவூருக்குப் போனேன்.

அவர் கட்டிலோடு இருந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுது. மனைவி தேநீர் போடப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். "மௌலவி, நீங்க வர முந்தியே நான் உங்கட பேரக் குடுத்திட்டன். பள்ளிவாசலையும் சொன்னன். நீங்க வராட்டியும் உங்களத் தேடி வந்திருப்பாங்க."

அவர் முகம் மாறவில்லை. "தெரியும்," என்றார்.

"எப்ப?"

"அண்டைக்கே. நீங்க வெளிய போன கையோட அந்தச் சிவில் உடுப்புக்காரன் சொன்னான், அந்தப் பொம்பிள உன்னக் காட்டிக் குடுத்திட்டாள், நீ என்னத்துக்கு அவளுக்காக வந்தாய் எண்டு."

அந்த மூன்று மாதமும் தெரிந்திருக்கிறது. துரத்துகிற கடிதத்தைக் கொண்டுவந்தபோது தெரிந்திருக்கிறது. கொப்பியை மேசையில் வைத்தபோது, ஒரு வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து தலையசைத்தபோது, எல்லாம் தெரிந்திருக்கிறது.

"ஏன் சொல்லல்ல?" என் குரல் உயர்ந்துவிட்டது. "இத்தின வருசமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"சொல்லியிரிந்தா நீங்க ரெண்டாந்தரம் அடிச்சிரிக்க மாட்டீங்க. வெக்கத்தில கடைய மூடிட்டுப் போயிரிப்பீங்க. எனக்கு வேற ஆள் இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காட்டிக் குடுத்தது நீங்க இல்ல. அவனுகள் கேட்டானுகள். கேக்கக்கூடாதத."

அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அழவும் இல்லை. கோபம்தான் வந்தது, அவர்மேலும் வந்தது, இவ்வளவு பாரத்தைத் தனியாக ஒருவர் தூக்கிக்கொண்டு எனக்கெதிரே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாரே என்று. தேநீரோடு வந்த அவருடைய மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பையை வைத்தார். அடுத்த நோன்புக்கு முன் மௌலவி மௌத்தானார். அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகையை நடத்தியவர் அந்த மத்ரஸாவில் அவரிடம் ஓதப் படித்தவர் என்று சொன்னார்கள்.

அந்த அறையில் நானும் அவரும் தவிர நான்கு பேர் இருந்தார்கள். அதிகாரி ஓய்வுபெற்றிருப்பார். எழுதியவனும் துவக்கு வைத்திருந்தவனும் எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருக்கக்கூடும். வருடத்தைச் சொல்லாமல் விட்ட எங்கள் பக்கத்துக்காரன் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறான், சந்தையில் இரண்டு தரம் கண்டிருக்கிறேன், அவன் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். இவர்களில் ஒருவராவது ஏறாவூருக்கு வந்து, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, செய்தது நான்தான் என்று சொல்லவில்லை. நான் ஒருத்திதான் சொன்னேன்.